நான் நிமிர்த்திய கல் வீடு

“...முந்நூறு வருஷமா கோணலாவே நிக்குது. நீங்க ஒரே நாள்ல நிமித்திட்டீங்களேண்ணே!”

சொன்னது ஜோதி, எங்கள் டீம் லீட். அவள் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். இதையும் எழுதி வைத்தேன்.

லாஸ்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் டிராயிங் ஆபீஸ். இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகளை லேசர் ஸ்கேன் எடுத்துப் புள்ளிப் புள்ளியாக அனுப்புவார்கள். அந்தப் புள்ளிகள் மேல் நாங்கள் பிளான் வரைவோம். நான் இதைப் படித்து வந்தவனில்லை, பக்கத்து சீட்டைப் பார்த்துக் கற்றவன்.

அந்த முறை வந்தது ஒரு கல் வீடு. உள்ளே ஒரு கல் வரிசை, வெளியே ஒன்று, நடுவில் உடைகல். இரண்டடிச் சுவர், அடியில் பருத்து மேலே ஒடுங்கும். குளிர்காயும் கணப்பை ஒட்டி ரொட்டி அடுப்பு வயிறு தள்ளி நிற்கும். எந்த மூலையும் செங்கோணமில்லை, மூலமட்டம் வைத்தால் உட்காராது.

ஸ்கேனில்தான் கோளாறு என்று நினைத்து எஃப் எட்டு கீயைத் தட்டினேன். அது ஆர்த்தோவுக்கான கீ; ஆன் ஆனால் கோடு சாயவே சாயாது, குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஓடும். அறை அழகாக வந்தது. அன்று சாயங்காலமே அங்குள்ள ஆர்க்கிடெக்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஜோதி என் பிளானை ஸ்கேன் மேல் வைத்துப் பார்த்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நான் காட்டியதைவிட அறை ஒரு கோடியில் ஒரு சாண் அகலம். மாடியைத் தாங்கும் நாலு உத்திரத்தையும் என் அளவுக்குத்தான் வெட்டப்போகிறார்கள். அங்கே காலை எட்டுக்குத் தச்சர் ரம்பத்தை எடுக்கும்போது நமக்கு மதியம் ஒன்றரை.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

“சத்தமில்லாம திருத்தி அனுப்பிடலாம்மா.”

“தச்சரு பழைய பிரிண்ட பாக்கெட்ல வெச்சிருந்தார்னா?”

“போன் பண்ணி தப்ப சொன்னா வேற ஆபீஸுக்குப் போயிடுவாங்க. இதான் அவங்க குடுத்த மொத வேல.”

“போன வேலைய தேடிக்கலாம். வெட்டுன மரத்த நீட்ட முடியுமாண்ணே?”

போன் போட்டாள். ஆர்க்கிடெக்ட் தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். அளவு தப்பு, மரத்தை வெட்ட வேண்டாம், தப்பு எங்களுடையது என்றாள். என் பெயரை எடுக்கவில்லை. அவர், தச்சரை நிறுத்தி வைக்கிறேன், ஒரு மணி நேரத்தில் அனுப்புங்கள் என்றார்.

ஆர்த்தோவை அணைத்துவிட்டு வரைந்தேன். நாலு உத்திரம், நாலு நீளம். சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பினேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால் இன்னொரு தடவை அளந்து பாருங்கள், நிமிர்த்தாதீர்கள்.

ஜோதி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். என் கீபோர்டிலிருந்து எஃப் எட்டை நெம்பி எடுத்து, டிபன் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனாள்.