பதினேழாம் எண் சட்டை

நான் தேர்வாளராகப் போவதற்கு முந்தைய வருஷம் எங்கள் கல்லூரியின் முதலாண்டுக் கால்பந்து அணி பத்துப் பேரோடு ஆடித் தோற்றது. யாருக்கும் காய்ச்சல் இல்லை, யாருக்கும் காலில் அடியும் இல்லை. தேர்வாளர்கள் இருவரும் பத்துப் பேர் வரை ஒத்துப்போய், பதினோராவது ஆளில் முட்டிக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கும் வரை சண்டை தீரவில்லை. ஒருவர் சொன்ன ஆளை மற்றவர் ஏற்காமல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். அவ்வளவு ரோஷம்.

அதனால்தான் ஓட்டுச் சமமானால் உடைக்க மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும் என்று கல்லூரியில் முடிவு செய்தார்கள். மலேசியாவில் சுங்கைப் பட்டாணியில் இருக்கிற அந்தச் சின்னக் கல்லூரியில் நான் கணக்கியல் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வேலையில்லாமல் இருந்தது என் ஒரே தகுதி. பந்து உருண்டையாக இருக்கும், கையால் தொட்டால் விசில் ஊதுவார்கள், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலாண்டுப் பையன்கள் பிரிவு பிரிவாகத் தங்களுக்குள் மோதுவார்கள். மோட்டார் பிரிவு, மின்சாரப் பிரிவு, சமையல் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறச் சட்டை. அந்த ஆட்டங்களைப் பார்த்து மிகச் சிறந்த பதினோரு பேரைத் தேர்வாளர்கள் பொறுக்குவார்கள். அந்தப் பதினோரு பேர் பீடோங் தோட்டத் திடலில் சீனியர்களோடு ஆடுவார்கள். தோற்ற பக்கம் ஜெயித்த பக்கத்தைக் கடலோரத் தஞ்சோங் டாவாய்க்கு அழைத்துப்போய்ச் சுட்ட மீன் வாங்கித்தர வேண்டும். முதலாண்டு ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. சீனியர்கள் மீன் தின்றே கொழுத்துப்போயிருந்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. தேர்வாளர்கள் எந்தப் பையனின் பெயரையும் கேட்கக்கூடாது. திடலோரம் காரில் உட்கார்ந்து, முதுகில் இருக்கிற எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் பெயர் கேட்டுத்தான் பொறுக்கினார்களாம். ஒரு வருஷம் பதினோரு பேரில் அக்காள் மகன், மச்சானின் தம்பி, பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரும் வந்துவிட்டார்கள். அதில் ஒருவனுக்கு ஆடவே தெரியாது, செருப்போடு வந்து நின்றானாம். அன்றைக்குப் போட்ட விதி இது.

காரின் முன்சீட்டில் போன வருஷம் சண்டை போட்ட அதே இரண்டு பேர். ஓட்டுபவர் பாக்கார் ஆராங்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், எல்லாருக்கும் சார். பக்கத்தில் பீடோங்கில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணன், ஒரு காலத்தில் தோட்ட அணியின் கோல்கீப்பர். பின்சீட்டில் நான், ஒரு பை பிசாங் கோரேங் என்கிற பொரித்த வாழைப்பழம், ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணி.

"டீச்சர், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்லா. நாங்க சண்ட போட்டா மட்டும் கை தூக்குங்க" என்றார் சார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கை தூக்கவா பெட்ரோல் செலவழித்து வந்தேன்? ஒரு வாழைப்பழத் துண்டை நறுக்கென்று கடித்தேன்.

மோட்டார் பிரிவின் ஆட்டத்தன்று மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. வைப்பர் ஒருபக்கம் போகும்போது திடல் தெரியும், திரும்பி வரும்போது மறையும். அந்த இடைவெளியில்தான் அவனைப் பார்த்தேன். சிவப்புச் சட்டை, எண் பதினேழு, தலைமுடியில் செம்பட்டைச் சாயம். சேற்றில் எல்லாரும் காலை இழுத்து இழுத்து நடக்கையில் இவன் மட்டும் ஓடினான். அரைமணி கழித்துப் பார்த்தாலும் அப்போதுதான் வந்தவன் மாதிரி ஓடினான். ஒரு பந்தை வலது காலால் ஓங்கி உதைத்தான். கொஞ்ச நேரம் கழித்து இடது காலால் வளைத்து ஒன்று கொடுத்தான் பாருங்கள், நான் என்னையறியாமல் கத்திவிட்டேன். டயர் கடை அண்ணனின் தோளில் ஓங்கி அடித்தேன். அவர் கையிலிருந்த தேத்தண்ணி சார் மடியில் கொட்டியது.

"அலாமா! டீச்சர்!"

"அண்ணே, அவனப் பாத்தீங்களா? ரெண்டு காலும்! ரெண்டு காலும் அடிக்கிறான்!"

"பாத்தேன், பாத்தேன். களைப்பே இல்லியே இவனுக்கு. என்னாத்த திங்கிறான்?"

அதற்குப் பிறகு எனக்குச் சனிக்கிழமை பைத்தியம் பிடித்தது. திங்கட்கிழமை வகுப்பில் வரவுசெலவு எழுதும்போதே என் கால் மேசைக்கடியில் எதையாவது உதைத்துக்கொண்டிருக்கும். வீட்டில் என் கணவர், "ஒனக்கு என்னாச்சு?" என்று கேட்டார். எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதில், ஆவி படிந்த ஒரு காரின் பின்சீட்டில், வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன்.

பதினோரு எண்களை மூவரும் முடிவு செய்தோம். மற்ற பத்துக்கும் சண்டை, சச்சரவு எல்லாம் வந்தது. பதினேழுக்கு மட்டும் மூன்று கையும் ஒன்றாக உயர்ந்தன. வெள்ளிக்கிழமை கல்லூரிக் கேன்டீனில் எண்களைக் கூப்பிடுவது வழக்கம். அந்த எண்காரன் எழுந்து நிற்பான், எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள். சார் கடைசியாக, "மோட்டார், பதினேழு!" என்றார்.

இரண்டு நாற்காலிகள் நகர்ந்தன. இரண்டு பையன்கள் எழுந்து நின்றார்கள்.

ஒரே உயரம், ஒரே ஒல்லி, ஒரே செம்பட்டைச் சாயம். ஒருவன் பீடோங்கைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்காரன், இன்னொருவன் பாக்கார் ஆராங் வீட்டு வரிசைப் பையன். மோட்டார் பிரிவில் ஆள் அதிகம், சட்டை ஒன்று குறைவு. அதனால் கடைசி இரண்டு பேரும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு ஆடியிருக்கிறார்கள். ஒருவன் மூச்சு வாங்க எதிர்க்கரைக் கூடாரத்துக்கு ஓடுவான், சட்டையைக் கழற்றித் தருவான், அடுத்தவன் மாட்டிக்கொண்டு உள்ளே வருவான். தலைச்சாயம்கூட ஒரே பாட்டிலில் இருந்து போட்டதாம்.

"யாருடா வலது கால்?" என்றார் டயர் கடை அண்ணன்.

ஒருவன் கை தூக்கினான்.

"எடது?"

இன்னொருவன் தூக்கினான். அண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறி, கேன்டீன் அக்கா தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்.

சாருக்குச் சிரிப்பு வரவில்லை. "பதினேழு கேன்சல். அந்த எடத்துல மின்சாரம் நாலு" என்றார். சிரித்து முடித்த அண்ணன், "எதுக்கு நாலு? சமையல் இருபத்திரண்டு" என்றார். பழைய சண்டை அப்படியே எழுந்து உட்கார்ந்தது. ஆனால் பதினேழு போகவேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே மனசு. அந்த இரண்டு பையன்களும் நின்றது நின்றபடி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது.

"சார், பேரு கேக்கக் கூடாது, நம்பரத்தான் பாக்கணும்னு விதி போட்டது யாரு? நானா? நாம பதினேழத் தேர்ந்தெடுத்தோம். பதினேழு ஆடட்டும். அதுக்குள்ள யாரு இருந்தா நமக்கென்ன?"

"டீச்சர், இது பந்து. ஒங்க கணக்குப் பாடம் இல்ல."

"சரி. பதினேழு ஆடி முதலாண்டு தோத்துச்சுன்னா நான் இனிமே உங்க கார்ல ஏற மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

சொன்ன பிறகுதான் என் வாயே எனக்குப் பகை என்று உறைத்தது. ஒருதடவைகூட ஜெயிக்காத அணியின் மேல் என் சனிக்கிழமைகளையெல்லாம் தூக்கி வைத்துவிட்டேன். சீனியர்களின் கேப்டன் பின்னாலிருந்து சிரித்தான். "ஒரு சட்டதானே டீச்சர்? எத்தன பேரு வேணும்னாலும் மாத்திப் போட்டுக்கிட்டு வரட்டும். மீனு எங்களுக்குத்தான்."

தேர்வான சட்டையோடுதான் ஆடவேண்டும் என்பதால் முதலாண்டு அணி பல நிறத்தில் இறங்கியது. சீனியர்கள் எல்லாரும் வெள்ளை. பீடோங் திடலைச் சுற்றி மோட்டார் சைக்கிள்கள், பாய் விரித்து உட்கார்ந்த குடும்பங்கள், ஒலிபெருக்கியில் யாரோ ஒருவரின் ஓயாத பேச்சு. நான் காரில் உட்காரவில்லை. பதினேழின் சட்டை மாற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டு கோட்டோரம் நின்றேன். ஒருவன் ஓடி வருவான், நான் சட்டையை உருவுவேன், அடுத்தவன் தலையில் மாட்டி முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளுவேன். முதல் தடவை சட்டையின் ஒரே கைக்குள் அவனுடைய இரண்டு கையையும் நுழைத்துவிட்டேன். பாயில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

சீனியர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள். வலது கால்காரன் உள்ளே போனான், இடது கால்காரன் வெளியே வந்தான், மறுபடி மாறினார்கள். சீனியர்கள் இளைக்க ஆரம்பித்தார்கள். பதினேழு மட்டும் இளைக்கவில்லை. இடது கால் வளைத்துக் கொடுத்த பந்தைச் சமையல் பிரிவுப் பையன் ஒருவன் உள்ளே தட்டினான். ஒன்றுக்கு ஒன்று.

அப்புறம் மழை வந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் கழற்ற நான் படாத பாடு பட்டேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. வலது கால்காரன் உள்ளே, இடது கால்காரன் என் பக்கத்தில் வெற்றுடம்போடு.

"மாச்சா, மாத்து! மாத்து!" என்று இவன் கத்தினான்.

பந்து வைக்க நேரமாகும் என்று நினைத்தானோ என்னவோ, கோலுக்கு முன்னால் நின்றிருந்தவன் அங்கேயே சட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டான். நனைந்த சட்டை தலையில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையும் மேலே, முகம் உள்ளே, தொப்புள் வெளியே. அந்த நேரம் பார்த்துப் பந்து வந்தது. சட்டைக்குள் இருந்த தலையில் மொத்தென்று மோதி, கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போனது.

திடல் ஒரு கணம் வாயைப் பிளந்தது. அப்புறம் வெடித்தது.

"ரெஃப்ரி, மூஞ்சியே தெரியல!" என்று சீனியர் கேப்டன் கத்தினான்.

"பந்து உள்ள போனது தெரிஞ்சிச்சில்ல? மூஞ்சி எதுக்கு?" என்று நடுவர் விசில் ஊதினார்.

நான்கு பேர் சேர்ந்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டபோது அவன், "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் கடைசி விசிலும் ஊதியது. சார் குடையை மறந்துவிட்டு மழையில் நடந்து வந்து, என்னைப் பார்த்து, "டீச்சர், அடுத்த வருஷம் நீங்க முன்சீட்டு" என்றார். டயர் கடை அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார்.

என் பக்கத்தில் இருந்த இடது கால்காரன் குதித்துக்கொண்டிருந்தான். சட்டையில்லை, காலில் பந்தில்லை, கோட்டுக்கு வெளியே நின்றவன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நான் அடிச்சிட்டேன்! நான் அடிச்சிட்டேன்!" என்று கத்தினான்.

அவனைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. நானும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தேன்.