குப்பிக்கு வந்த சமாதான நீதவான்

உதயகலாவை எங்கள் வளாகத்தில் பாதிப்பேர் "ஜே.பி. அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்த பெயர் "சகமாணவர் பிணக்கு வழிகாட்டி". மாணவர்களுக்குள் பிரச்சினை என்றால் இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைக்க வைப்பது அவள் வேலை. அவ்வளவு நீளப் பெயரை யார் சொல்வது? ஊரில் சான்றிதழ்ப் பிரதிக்கு ஒப்பமிடுகிற சமாதான நீதவானாக, அதுதான் ஜே.பி.யாக, அவளை ஆக்கிவிட்டார்கள். "ஒருக்கா அட்டெஸ்ட் பண்ணித் தாங்கோ அக்கா" என்று பிறப்புச் சான்றிதழை நீட்டி வெறுப்பேற்றிய பெடியன்களும் உண்டு.

நானும் அவளுடன் அந்தப் பயிற்சிக்குப் போனவள்தான். சீக்கிரமே விட்டுவிட்டேன். சத்தம் போடுகிறவர்களை எப்படி ஆற்றுவது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். எங்கள் ஆட்கள் சத்தமா போடுகிறார்கள்? கோபம் என்றால் கதையை நிறுத்திவிடுவார்கள். கரவெட்டியில் உதயகலாவின் சித்தப்பாக்கள் இருவர் ஒரே கிணற்றில் இறைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வெங்காயம் பயிர் செய்கிறார்கள். ஏதும் சொல்ல வேண்டுமென்றால் உதயகலாவின் அம்மாவிடம் சொல்வார்கள். அம்மா போய் மற்றவரிடம் சொல்வார். அதற்குப் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கமும் இல்லை.

கீர்த்திகா மயிலிட்டி ஊர்ப் பிள்ளை, இரண்டாம் வருடம். புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் இடைத்தேர்வைத் திடீரென்று முன்னுக்குக் கொண்டு வந்தபோது, எழுதுவதில்லை என்று அவளுடைய பட்ச், அந்த வருட மாணவர் முழுவதும், முடிவெடுத்தது. இவள் ஒருத்தி போய் எழுதினாள். ஒருத்தி எழுதிவிட்டாளே என்று விரிவுரையாளர் தேர்வைத் திருப்பி வைக்க மறுத்துவிட்டார். மற்ற எல்லோருக்கும் பூச்சியம். அவர்களுடைய கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை.

"ஏன் எழுதினனீ?" என்று, எங்கள் அறைக்கு வந்தவளிடம் உதயகலா கேட்டாள்.

"படிச்சிருந்தன் அக்கா. எழுதினன்."

அன்றிலிருந்து பட்ச் அவளோடு கதைப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். விரிவுரை மண்டபம் மாறினால் அறிவிப்பு அந்தக் குழுவில்தான் வரும். கீர்த்திகா வெறும் மண்டபங்களுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்புவாள். வகுப்பு வரவு குறைந்துகொண்டே போனது. இன்னும் குறைந்தால் பரீட்சைக்கு இருக்க முடியாது. "நான் கம்பஸை விட்டிட்டு வீட்டை போகப்போறன் அக்கா" என்று அவள் சொன்ன அன்றே, உதயகலா பட்ச் பிரதிநிதி கோபிசங்கரைத் தேடிப் போனாள்.

"எங்களுக்கு ஒரு பிணக்கும் இல்லை அக்கா. நாங்கள் அவளோடை கதைக்கிறேல்லை, அவ்வளவுதான்."

கொடிகாமத்துப் பெடியன், நல்ல மரியாதை. தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தான். பிணக்கே இல்லையென்றால் வழிகாட்டி எதைத் தீர்ப்பது? இரண்டு பக்கமும் விரும்பி வந்தால்தான் இருத்தலாம் என்பது விதி. திரும்பத் திரும்பப் போனாள், திரும்பத் திரும்ப அதே பதில், அதே தேத்தண்ணி. அறைக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிவாள். எனக்கோ அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும்.

பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கையில் அவனே வந்தான்.

"அக்கா, ஸ்டாற்ஸ் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. கீர்த்திகாவை ஒரு குப்பி எடுக்கச் சொல்லுங்கோ."

ஸ்டாற்ஸ் என்றது புள்ளிவிபரவியலை; குப்பி என்றால் பரீட்சைக்கு முன்னர் விளங்கினவர் விளங்காதவர்களுக்கு எடுக்கும் வகுப்பு.

"நீயே கேளன் தம்பி."

"நாங்கள் அவளோடை கதைக்கிறேல்லையே அக்கா."

நானென்றால் அவனைத் துரத்தியிருப்பேன். உதயகலா, முதலில் அவளைக் குழுவில் சேர், பிறகு பார்ப்போம் என்றாள். சேர்த்தார்கள். கீர்த்திகாவின் வரவும் மட்டுமட்டாகத் தப்பியது. குப்பிக்கும் அவள் ஓம் என்றாள். அன்று முழுக்க உதயகலா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

குப்பிக்கு நானும் போயிருந்தேன். மண்டபம் நிறைந்துவிட்டது. கீர்த்திகா பலகையில் எழுத எழுத எல்லோரும் குனிந்து எழுதினார்கள். முன்வரிசையில் இருந்த தர்சிகாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவள் ஓரத்தில் நின்ற உதயகலாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, மூண்டாவது வரியிலை மைனஸ் எப்பிடி வந்தது?"

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிறவளுக்கு மைனஸைப் பற்றி என்ன தெரியும்? உதயகலா கீர்த்திகாவைப் பார்த்தாள். கீர்த்திகா பதிலை உதயகலாவுக்குச் சொன்னாள். தர்சிகா உதயகலாவுக்குத் தலையாட்டினாள். அடுத்தவனும் அப்படியே, அதற்கடுத்தவளும் அப்படியே. கரவெட்டிக் கிணற்றடி அப்படியே மண்டபத்துக்கு வந்துவிட்டது.

உதயகலா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு பையைத் தூக்கினாள்.

"நான் என்ன உங்களுக்கு லவுட்ஸ்பீக்கரோ?"

கேட்டுவிட்டு வெளியே நடந்தாள். வழிகாட்டி இடையில் எழும்பிப் போகக்கூடாது என்பதும் விதிதான். விறாந்தையில் கண் கலங்கி நின்றாள். "இவ்வளவு நாளும் உவையின்ரை தபால்காரியாத்தான் நிண்டிருக்கிறன்" என்றாள் என்னிடம். எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை.

கோபிசங்கர் வெளியே வந்தான்.

"வாங்கோ அக்கா, ஒரு சந்தேகம்."

"எனக்கு ஸ்டாற்ஸ் தெரியாது. தெரிஞ்சவள் உள்ளை நிக்கிறாள்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான். வெகுநேரம் கழித்துத் தர்சிகாவின் குரல் கேட்டது.

"கீர்த்திகா, அதை ஒருக்காத் திருப்பிச் சொல்லும்."

பிறகு வேறு குரல்களும் கேட்டன.

பரீட்சை முடிந்த அன்று பின்னேரமே கீர்த்திகாவைத் திரும்பவும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் அறைக்கு வந்து தொலைபேசியைக் காட்டினாள். உதயகலா வாயில் வந்தபடி எல்லோரையும் திட்டித் தீர்த்தாள், பயிற்சி தந்தவர்களையும் சேர்த்து. களைத்தபின் கட்டிலில் இருந்தாள்.

"இனியென்ன, வீட்டை போகப்போறியோ?"

"ஏன் போறன்? மண்டபம் மாறினால் தனிய மெசேஜ் போடுறனெண்டு தர்சிகா சொன்னவள். அடுத்த செமஸ்டரும் ஸ்டாற்ஸ் இருக்கு. குப்பிக்கு வருவினம்."

உதயகலாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. கீர்த்திகா வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"ஆனால் அதுக்கு நீங்கள் வரவேண்டாம் அக்கா. நீங்கள் நிண்டால் அவை உங்களோடைதான் கதைப்பினம்."