ஊசிக்குப் பதில் ஒரு மாத்திரை

அக்காவுக்கு மாதாமாதம் முடியாமல் போகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. குன்னத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம் இருந்தது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் செடிகளுக்கு நடுவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். நான் ஓடினேன். அம்மா குறுக்கே வந்து, "நீ அந்தப் பக்கம் போடா" என்றாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அத்தைகள் சொன்னார்கள்.

கல்யாணம் ஆனது. மாமாவுக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை. அக்காவை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர். ஆனால் வலியும் போகவில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. மாமியார் அவளைக் கோயில் கோயிலாக அழைத்துப் போனார். வேலைக்குப் பயந்துகொண்டு படுக்கிறாள் என்று பக்கத்து வீடுகளில் பேச்சு வந்தது. அந்தப் பேச்சுக்காகவே வலியோடு எழுந்து நின்று மாவாட்டினேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

நான் திருச்சியில் வேதியியல் படித்துவிட்டு, ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தேன். புதிய வேலை ஒன்றில் என்னைப் போட்டு, முதலில் அந்த நோயைப் பற்றிப் படிக்கச் சொன்னார்கள். எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்ளே வளர வேண்டிய சவ்வு வெளியே, சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்கிறது. மாதவிலக்கின்போது அதுவும் கசிகிறது. கசிந்தது போக வழியில்லாமல் உள்ளேயே புண்ணாகிறது. வலி தாங்காமல் படுத்துவிடுவார்கள், பலருக்குக் குழந்தை நிற்காது, இது பெண்களுக்கு இயல்புதான் என்று பல வருஷம் விட்டுவிடுவார்கள் என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பருத்திக் காட்டில் கிடந்தவளைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். இதையெல்லாம் அக்காவிடம் ஒரு தம்பி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அரியலூரிலிருந்து எங்கள் ஊருக்கு அவளை அழைத்து வந்த பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பாடம் நடத்துவதுபோலத்தான் சொல்ல வந்தது.

"இதுக்குப் பேரெல்லாம் இருக்காடா தம்பி?"

"இருக்குக்கா."

"அப்ப நான் நடிக்கலன்னு எழுதியே வச்சிருக்காங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

மாமா அவளைத் திருச்சிக்கு அழைத்துப் போனார். வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா வைத்துப் பார்த்த டாக்டரம்மா, அதேதான் என்றார். சினைப்பை இரண்டும் குடலோடு ஒட்டியிருந்தன. இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று அவர் சொன்னதை மாமா போனில் என்னிடம் சொன்னார். சொன்ன பிறகும் போனை வைக்கவில்லை.

மாதம் ஒரு ஊசி போட்டார்கள். அந்த ஊசி முதலில் அந்தச் சவ்வை வளர்க்கும் ஹார்மோனைக் கிளப்பிவிட்டுத்தான் பிறகு அடக்கும். அதனால் ஆரம்பத்தில் வலி கூடியது. அப்புறம் அடியோடு நின்றது. அறுவடைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் நாள் முழுக்க வெங்காயம் ஆய்ந்தாள். அம்மா தடுத்தும் எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஊசியை அதிக காலம் போட முடியாது. எலும்பு தேயும். உடம்பு திடீர் திடீரென்று தீயாய்க் கொதிக்கிறது என்றாள். நிறுத்தினார்கள். சில மாதங்களில் வலி திரும்பி வந்தது.

நாங்கள் செய்ய முயன்றது அந்த ஊசிக்குப் பதிலாக வாயில் போடும் மாத்திரை. மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியில் அதற்கான இடத்தில் உட்கார்ந்தால்தான் மாதவிலக்குக்கான மற்ற ஹார்மோன்கள் சுரந்து அந்தச் சவ்வு வளரும். அந்த இடத்தில் வேறொரு சின்ன மூலக்கூறை முன்கூட்டியே உட்கார வைத்துவிட்டால் வந்த ஹார்மோன் திரும்பிப் போய்விடும். கிளப்பிவிடுவது இல்லை, முதல் நாளிலிருந்தே அடங்கும். வேண்டிய அளவுக்கு மட்டும் அடக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"எப்படா வரும்?"

தெரியாது என்றேன். தெரியாமல்தான் இருந்தது.

நாங்கள் செய்த மூலக்கூறுகளில் ஒன்று மனித செல்களில் அருமையாக உட்கார்ந்தது. எலியின் உடம்பில் அந்த இடத்தின் வடிவமே வேறு. அங்கே ஒட்டவே இல்லை. அதனால் வேலை செய்கிறதா என்று எலியில் காட்ட வழியில்லை. குடல் வழியாக ரத்தத்துக்குப் போனதும் மிகக் கொஞ்சம். அதைச் சரிசெய்ய மூலக்கூறின் ஒரு பக்கத்தை மாற்றினால், ஈரல் மற்ற மருந்துகளைச் சிதைப்பது தடைபட்டு அவை உடம்பில் தேங்கும் ஆபத்து வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாரக்கணக்கில் அடுப்படியில் நிற்பதுபோல நின்றோம். ஒருநாள் கம்பெனிப் பெரியவர்கள் கூடிப் பேசி, இதில் போட்ட பணம் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். என்னை ரத்த அழுத்த மருந்துக்கு மாற்றினார்கள்.

அதே வருஷம் அக்காவுக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இனித் தாங்காது என்று அவளே டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டாளாம்.

ஆபரேஷன் முடிந்து அரியலூர் வீட்டில் படுத்திருந்தவளைப் பார்க்கப் போனேன். மாமா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் கட்டிலோரம் உட்கார்ந்து மாத்திரை வேலையை நிறுத்திவிட்டதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று உடனே தோன்றியது.

"வேற யாராச்சும் செய்வாங்கல்ல?" என்றாள்.

"செய்வாங்கக்கா. வெளிநாட்டுல செஞ்சிட்டுதான் இருக்காங்க."

"செய்யட்டும்." அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். "வலி இல்லடா இப்ப. சத்தியமா இல்ல. ஆனா என்னவோ, வூடு காலியா இருக்கற மாதிரி இருக்கு."

மாமா கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்து வந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். கஞ்சியை ஆற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவரப் போனார்.