கோப்பி இலைக்குள் பார்த்தவர்

யாகப்பர் கண்டியை அடுத்த மஹய்யாவையில் பிறந்தவர். அவருடைய தகப்பன் இந்தியாவிலிருந்து வந்து, கண்டி வீதிக்குக் கல் உடைத்து, காய்ச்சலில் செத்துப்போனார். சாவதற்கு முன் மகனைப் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டிருந்தார். அங்கே யாகப்பர் ஓரளவு இங்கிலீஷ் படித்தார், அதைவிட நன்றாகப் படம் கீறப் பழகினார். அந்தப் படம் கீறும் கையால் அவருக்கு அதுவரை பெரிய பிரயோசனம் எதுவும் கிடைக்கவில்லை. இருபத்தாறு வயது வரை கண்டியில் ஒரு கோப்பி ஸ்டோரில், சாக்குகளின் மேல் தோட்டத்துப் பெயர்களை மையால் எழுதிக்கொண்டிருந்தார்.

1881ஆம் ஆண்டு தை மாதத்தில் அந்த ஸ்டோருக்கு டொக்டர் கார்வர் என்ற வெள்ளைக்காரர் வந்தார். அவர் மனிதருக்கு மருந்து கொடுக்கிற டொக்டர் அல்ல, செடிகளுக்கு வரும் நோயை ஆராய்கிறவர். பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கோப்பி இலைகளை மஞ்சளாக்கிக் கொட்டவைக்கும் நோய் என்னவென்று பார்க்கச் சீமையிலிருந்து வந்திருந்தார். வேலையில்லாத ஒரு பகலில் யாகப்பர் பழைய சாக்கு ஒன்றில் கோப்பிக் கிளையொன்றைக் கீறிவைத்திருந்தார். இலைகள் சோடி சோடியாக வந்திருந்தன, காய்கள் கணுவோடு ஒட்டிக் கூட்டமாக இருந்தன. டொக்டர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதைக் கீறியவரைத் திங்கட்கிழமை பேராதனைக்கு அனுப்புங்கள்" என்று ஸ்டோர்த் துரையிடம் சொல்லிப்போனார்.

பேராதனைப் பூங்காவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றைப் பார்த்த சின்ன பங்களா ஒன்றுதான் ஆராய்ச்சிக்கூடம். அறை முழுக்கக் கண்ணாடிச் சாடிகளும் வாடிய இலைகளும். சன்னலோர மேசையில் பித்தளைக் குழாய் வைத்த நுண்ணோக்கி இருந்தது. டொக்டர் ஒரு கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். வெள்ளைக்காரர் ஒருவர் நிற்க, தான் உட்காருவது யாகப்பருக்கு அதுவரை நடக்காத காரியம். தயங்கித் தயங்கி விளிம்பில் உட்கார்ந்து, குழாயில் கண்ணை வைத்தார். வைத்த வேகத்தில் எழுந்துவிட்டார்.

கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சளாகப் படியும் தூளை அவர் சின்ன வயதிலிருந்து அறிவார். விரலில் ஒட்டும், ஊதினால் பறக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். கண்ணாடிக்குள் அந்தத் தூளின் ஒவ்வொரு துணுக்கும் உரித்த தோடம்பழச் சுளை மாதிரி நின்றது. முதுகுப்பக்கம் முழுக்க முள், உள்பக்கம் வழவழப்பு. ஒன்றைப்போலவே மற்றது.

"இது மண் தூசியில்லையா, சேர்?"

"இல்லை. உயிருள்ளது. இதை அப்படியே கீறுங்கள்" என்றார் டொக்டர்.

அன்று கீறியதில் மூன்று தாள் பழுதாகின.

மறுநாள் நடந்தது அதைவிடப் பெரிது. முந்தின நாள் டொக்டர் அந்தத் துணுக்குகளை ஒரு துளி நீரில் போட்டு, இலைத் துண்டொன்றின் மேல் வைத்திருந்தார். காலையில் பார்த்தால் ஒவ்வொரு சுளையும் பயறு மாதிரி முளைவிட்டிருந்தது. முளை இலையின் மேல் ஊர்ந்துபோய், ஒரு சின்னத் துளைக்குள் தலையை நுழைத்திருந்தது. அந்தத் துளைக்கு இரண்டு பக்கமும் உதடுகள் இருந்தன.

"இதென்ன, சேர்?"

"இலையின் வாய். எல்லா இலைக்கும் ஆயிரக்கணக்கில் உண்டு. அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது."

அந்தி நேரம் வீட்டுக்குப் போனதும் மனைவி டொரதி சோற்றோடு கீரைச் சுண்டல் வைத்தாள். யாகப்பர் கீரையைத் தொடவில்லை.

"ஏன், உப்புக் கூடிப்போச்சா?" என்றாள் டொரதி.

"இலைக்கெல்லாம் வாய் இருக்கு."

டொரதி அவருடைய நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கும் பயம் வந்தது.

ஒரு மாதத்தில் கை நிலைப்பட்டது. சவரக்கத்தியால் இலையை மெல்லியதாகச் சீவவும், பார்த்ததைப் பார்த்தபடி கீறவும் பழகிக்கொண்டார். டொக்டர் அடுத்த வேலை கொடுத்தார். பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைப் பல இடங்களில் கம்பில் கட்டிவைத்து, நான்கு நாள் கழித்து எடுத்துவந்து, காற்றில் என்ன வருகிறதென்று பார்க்க வேண்டும். யாகப்பர் மஹய்யாவையில் தன் வீட்டுக் கூரையோரத்திலும் ஒன்றைக் கட்டினார். சுற்றுவட்டாரத்தில் கோப்பிச் செடி கிடையாது. அந்தத் துண்டில் ஏழு சுளைகள் ஒட்டியிருந்தன. தானும் டொரதியும் தினமும் மூச்சோடு இழுப்பது இதைத்தான் என்று அவருக்கு உறைத்தது.

இன்னொரு துண்டு புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றுக்குப் போனது. அங்கே அவருடைய அக்கா சூசையம்மா வேலை செய்தாள். மற்றத் தோட்டங்கள் மொட்டையானபோதும் அந்தத் தோட்டத்து மேல்மலை மட்டும் பச்சையாக இருந்தது. சுண்ணாம்பும் கந்தகமும் கலந்து தூவுவதால்தான் என்று அந்தத் தோட்டத்துத் துரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியோடு வந்த மேல்மலை இலையை யாகப்பர் சீவிப் பார்த்தார். மேலே வெள்ளைத் தூள் அப்படியே இருந்தது. உள்ளே, தூளுக்கு எட்டாத ஆழத்தில், நோயின் இழைகள் வலைபோலப் பின்னிக் கிடந்தன.

டொக்டரும் பார்த்தார். "அடுத்த மழைக்கு இது தாங்காது. ஆனால் அரசாங்கத்துக்கு நம் அறிக்கை போகும்வரை தோட்டங்களில் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. ஒரு பிழை நேர்ந்தால் எந்தத் துரையும் நம்மை உள்ளே விடமாட்டார்."

"சரி, சேர்" என்றார் யாகப்பர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வலையைக் கீறிய தாளைச் சுருட்டிக்கொண்டு ரயிலில் கம்பளைக்குப் போனார். அங்கிருந்து புசல்லாவைக்கு நடந்தார்.

தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் சூசையம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் வீங்கிச் சிவந்து, இமை ஒட்டிப்போயிருந்தது. தம்பியின் குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டாள்.

"என்னாக்கா இது?"

"மருந்துதான். காத்து திரும்பி அடிச்சா மொகத்துலதானே விழும். பேச்சியம்மாவுக்கும் அழகம்மாவுக்கும் இதே கதிதான்."

யாகப்பர் டொக்டருக்குக் கொடுத்த வாக்கை மீறினார். "அக்கா, அந்த மருந்தால ஒண்ணும் ஆகாது. நோய் இலைக்குள்ள போயிருச்சு. நான் கண்ணால பாத்தேன்."

சூசையம்மா ஈரத் துணியால் கண்ணை ஒத்திக்கொண்டாள். "அது தெரியாமலா இருக்கோம்? தூவுன வரிசையும் கொட்டுது, தூவாத வரிசையும் கொட்டுது. கொட்டுன எலைய விடியக்காலம் கூட்டி அள்ளுறது நாங்கதானே. அப்பறமா வர்ற தொரைக்கு மலை பச்சையாத் தெரியுது."

"பின்ன ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்ல? எங்கள யாரு கேட்டாங்க?"

இரண்டு மாதம் சீவியும் கீறியும், வெளியே சொல்லக்கூடாத இரகசியமென்று பூட்டிவைத்த விஷயம் லயத்துப் பெண்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. யாகப்பர் நேரே துரை பங்களாவுக்கு நடந்தார்.

வராந்தாவில் நின்ற துரை, "நீ யாரு? யார் உள்ளே விட்டது?" என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார். யாகப்பர் தாளை விரித்தார்.

"இது ஒங்க மேல்மலை எலைங்க, தொரை. மருந்து இங்க வெளியில நிக்குது. நோய் இங்க உள்ளுக்கு இருக்கு."

துரை தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகு நேரம் பார்த்தார். அவர் முகம் வெளிறுவதை யாகப்பர் கண்டார். பிறகு கங்காணியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து பெண்கள் மருந்து தூவ வேண்டாம் என்று சொன்னார். யாகப்பரிடம், "உன் டொக்டருக்கு எழுதுவேன்" என்றார்.

கடிதம் வருமுன் தானே சொல்லிவிடுவது என்று யாகப்பர் முடிவு செய்தார். திங்கட்கிழமை காலை தூரிகைகளைக் கழுவித் துடைத்து மேசையில் அடுக்கிவிட்டு, நடந்த எல்லாவற்றையும் சொன்னார். டொக்டரின் முகம் கழுத்துவரை சிவந்தது. சன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"அவருக்குப் படம் விளங்கியதா?"

"விளங்கியது, சேர்."

"உங்கள் அக்கா தூவாத வரிசை என்று சொன்னாரே, எந்த வரிசை?"

"தெரியவில்லை, சேர். நான் கேட்கவில்லை."

"நானும்தான் கேட்கவில்லை" என்றார் டொக்டர். "போய்க் கேட்டு வாருங்கள். எந்த வரிசையில் எந்த வாரம் இலை கொட்டியது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். நானும் வருகிறேன்."

வேலை போய்விட்டதென்று நினைத்து நின்ற மனிதருக்கு, அது போகவில்லை என்பது விளங்கச் சிறிது நேரமெடுத்தது.

அந்த வாரம் டொக்டர் லயத்து முற்றத்தில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். சூசையம்மாவும் பேச்சியம்மாவும் அழகம்மாவும் வரிசை வரிசையாகச் சொன்னார்கள். யாகப்பர் இங்கிலீஷில் எழுதினார். மூன்று பேரும் தனித்தனியே சொன்னது ஓரிடத்திலும் முரண்படவில்லை. மருந்து வீண் என்று அறிக்கையில் எழுதிய பக்கம் அந்தப் பெண்களின் பேச்சை வைத்துத்தான் நின்றது. பெயர்கள் வரவில்லை, 'தோட்டத் தொழிலாளர் கூற்று' என்று மட்டும் இருந்தது.

நோய்க்கு மாற்று கிடைக்கவில்லை. அடுத்த வருடம் டொக்டர் கப்பலேறினார், பங்களாவும் பூட்டப்பட்டது. மேல்மலை இரண்டு மழைக்குள் விறகுக் காடானது. சூசையம்மாவின் வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் கடைசிவரை புகைபோல ஏதோ இருந்தது. மஹய்யாவைக்கு வந்து தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாள்.

யாகப்பர் பிறகு நிலம் அளப்பவர் ஒருவரிடம் வரைபடம் கீறும் வேலையில் சேர்ந்தார். கோப்பி செத்த மலைகளைத் தேயிலைக்கென்று திரும்ப அளந்துகொண்டிருந்த காலம் அது. அளக்கப் போகுமிடமெல்லாம், கருவியை நிறுத்துமுன், அங்கே வேலை செய்யும் பெண்களிடம் போய், இந்த நிலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும், மண் எங்கே சரியும் என்று கேட்டுக்கொள்வார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.