சறோஜினி ரீச்சரின் கடையில் கால் வைத்தவர்கள்

நான் பொய் சொல்கிறவன் என்று ஊர்காவற்றுறையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மறுக்கவில்லை. திருக்கை மீனின் முதுகில் படுத்து உறங்கி, விடியக் கண்விழித்தபோது பருத்தித்துறையில் கிடந்தேன் என்று சொன்னவன் நான்தான். அது பொய். பருத்தித்துறை இல்லை, காங்கேசன்துறை.

ஆனால் இது நடந்தது. அந்தோனியார் மேல் ஆணை. மற்றக் கதைகளுக்கு என்னிடம் சாட்சி இல்லை. இதற்கு இரண்டு சாட்சி. ஒன்று, நயினாதீவில் கச்சான் கடலை விற்கும் ஞானசவுந்தரி. மற்றது, என் இடப்பக்க விலா எலும்பு. மழைக்கு முதல்நாளே அது எனக்குச் சொல்லிவிடுகிறது. வானொலி அடுத்த நாள்தான் சொல்கிறது.

என் பெயர் பிலிப்பு. குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் வள்ளம் ஓட்டுகிறேன். யாத்திரைக்கு வருகிறவர்களையும் சும்மா பார்க்க வருகிறவர்களையும் ஏற்றி இறக்கியே தலை நரைத்தவன். நயினாதீவில் இறங்குதுறையை விட்டு ஏறினால் முன்பு மூன்று புத்தகக் கடை இருந்தது. ஒன்று தொப்பிக் கடை ஆகிவிட்டது. ஒன்று கறுப்புக் கண்ணாடிக் கடை. மிஞ்சியது சறோஜினிதேவி ரீச்சருடைய கடை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு அவர் தனியாக நடத்தியது.

பஸ் பஸ்ஸாகச் சனம் வரும். வெயில் தாங்காமல் கடைக்குள் நுழையும். மலசலகூடம் எங்கே என்று கேட்கும். ரீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே பின்சுவரில் ஒரு பலகை எழுதி மாட்டினார். “மலசலகூடம் இங்கே இல்லை. புத்தகம் உண்டு.” அதன் பிறகு சனம் அந்தப் பலகையோடு நின்று படம் எடுக்க வந்தது. பலகை பிரபலமாகியது. புத்தகம் அப்படியே இருந்தது. கொழும்புக்காரர் ஒருவர் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, வியர்வை காயும்வரை விசிறிவிட்டு, நன்றி சொல்லித் திருப்பி வைத்தார். ரீச்சர் அவரையும் வாசகர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விடமாட்டார். ஒருநாள் வாசலில் கிடந்த புத்தகக் கட்டில் என் கால் பட்டுவிட்டது.

“தொட்டுக் கண்ணில ஒத்தும்.”

“நான் வேதக்காரன் ரீச்சர்.”

“சிலுவையும் போடும். இதையும் ஒத்தும். புத்தகத்துக்குச் சமயம் இல்லை.”

ஒற்றினேன். ஐம்பது வருடத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் செய்தது. கை மறக்கவில்லை.

போன பங்குனியில் ரீச்சர் செத்துப்போனார். மேல்தட்டில் எதையோ எடுக்க ஸ்டூலில் ஏறியிருக்கிறார். பெரிய அலுமாரி அவரோடு சரிந்துவிட்டது. புத்தகங்கள் எல்லாம் மேலே. அன்று முழுக்க யாரும் கவனிக்கவில்லை. அடுத்த நாள் காலை, “ரீச்சர் ஏன் இன்னும் வாசல் முத்தம் கூட்டேல்லை?” என்று ஞானசவுந்தரி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் இரண்டு பேரும்தான் குவியலைக் கிளறி அவரைத் தூக்கினோம். விழுந்தவுடன் உயிர் போயிருக்கும் என்று ஊர் சொன்னது. நாங்களும் அப்படியே நம்பினோம். அப்படி நம்புவது சுலபமாக இருந்தது.

கடையை எடுத்தவன் றெக்ஷன். என் தங்கச்சி சூசையம்மாவின் ஒரே பிள்ளை. அவனுடைய தகப்பனைக் கடல் கொண்டுபோனது. அன்றிலிருந்து அவனை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. தங்கச்சி அதை என்னிடம் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காக நான் இருபது வருடம் அவனைக் கடல்தொழிலுக்கு விடாமல் வைத்திருந்தேன்.

நல்ல பிள்ளை. உழைப்பாளி. வாய் கொஞ்சம் நீளம். அது எங்கள் பரம்பரை. காலில் எப்போதும் ஒரு வெள்ளைச் சப்பாத்து. அடியில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டியிருக்கும். மணலில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். “பாருங்கோ மாமா, வானம் முழுக்க எனக்குப் பின்னால வருது.”

ஆனித் திருவிழாவுக்குள் அங்கே தொப்பிக் கடை திறக்கவேண்டும் என்று நின்றான். புத்தகங்களை உரப்பைகளில் கட்டினோம். யாழ்ப்பாணத்தில் பழைய பேப்பர் வாங்குகிறவனுக்கு நிறுத்துக் கொடுக்க. அன்று காலை ஆறு மூட்டை என் வள்ளத்தில் ஏறியது. இறங்குதுறைப் பாலத்தில் இருந்து வள்ளத்துக்குள் இறங்குவது வயதானவர்களுக்குக் கஷ்டம். றெக்ஷன் மூட்டைகளை அடுக்கி ஒரு படி கட்டினான். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன்.

சனம் அதில் கால் வைத்து இறங்கியது. ஏறியது.

முதலில் ஒரு தடித்த அம்மா. கால் வைத்தவுடன் சேலையைத் தூக்கிக்கொண்டு துள்ளினாள்.

“ஐயோ! உதுக்குள்ள என்ன, ஆடா? நெளியுது!”

“புத்தகம் அம்மா,” என்றான் றெக்ஷன். “மிதிச்சா அறிவு வரும்.”

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த ஓட்டத்தில் நான் கவனித்தேன். ஒவ்வொரு கால் படும்போதும் ஒரு சத்தம். காற்றுப் போன ரியூப்பை அமத்தினால் வருமே... அது மாதிரி. ஹ்ஹ்... ஹ்ஹ்...

மூட்டையில் கை வைத்துப் பார்த்தேன். மேல் மூட்டை வெயிலில் கிடந்தது. அது குளிர்ந்திருந்தது. அடி மூட்டை நிழலில் கிடந்தது. அது சூடாக இருந்தது. கோழி அடை கிடந்து எழும்பிய கூடை மாதிரி.

பிறகு குரல் கேட்டது.

“தம்பி...”

பெண் குரல். மெல்லிய குரல். வள்ளத்தில் அப்போது பெண்கள் யாரும் இல்லை. என்னைத் தம்பி என்று கூப்பிடக்கூடியவர்கள் எல்லாரும் சவக்காலையில் இருக்கிறார்கள்.

“டேய், ஆரோ உன்னைக் கூப்பிடினம்,” என்றேன்.

றெக்ஷனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“ஆம்பிளையோ பொம்பிளையோ?”

“பொம்பிளை.”

அவன் மூட்டையைப் பார்த்தான். உடனே கடலைப் பார்த்தான். “காத்து மாமா,” என்றான்.

காற்றும் எழும்பியது உண்மைதான். தென்மேற்குச் சோளகம். மத்தியானத்துக்குள் கடல் வெள்ளையாகப் புரண்டது. படகுகளை நிறுத்திவிட்டார்கள். தெருவில் சனம் இல்லை. கோயிலில் உச்சிப் பூசை மணி அடித்தது. மிச்சப் புத்தகத்தையும் கட்டிவிடுவோம் என்று கடைக்குப் போனோம். உச்சிப்பொழுதில் போகக்கூடாத இடம் என்று ஒன்று உண்டு என்பது எனக்கு அப்போது நினைவில்லை.

உள்ளே காலடி வைத்ததும் கதவு சாத்தியது.

காற்று வெளியில் இருந்து உள்ளே அடித்தது. கதவு உள்ளே இருந்து வெளியே சாத்தியது. வள்ளக்காரனுக்குக் காற்றின் திசை தெரியும்.

நிமிர்த்தி, சுவரோடு ஆணி அறைந்து வைத்த அதே பெரிய அலுமாரி. ஒரு ஆணி கழன்று விழுந்தது.

டக்.

இன்னொன்று.

டக்.

“மாமா... ஆணி தானா வருது...”

டக். டக். டக்.

சரிந்தது.

எனக்கு நினைவு வந்தபோது முகம் நிலத்தில். முதுகில் பலகை. மேலே புத்தகம். வாய் முழுக்கத் தூசு. பக்கத்தில் றெக்ஷன் முனகுவது கேட்டது. உயிர் இருக்கிறது. கடவுளே, பிள்ளைக்கு உயிர் இருக்கிறது.

அப்போதுதான் மேலே யாரோ ஏறினார்கள்.

ஒரு கால்.

பிறகு மற்றக் கால்.

பாரம் என்றால்... அப்படி ஒரு பாரம். என் இடப்பக்க விலாவில் வந்து நின்றது. திரும்பியது. குதிக்காலை ஊன்றியது.

மடக்.

அது என் எலும்பு.

கத்தக் காற்று இல்லை. அந்தக் கால்கள் என்மேல் இருந்து றெக்ஷன்மேல் போயின. மடக். மடக். அவன் கத்தினான். திரும்பவும் என்மேல். திரும்பவும் அவன்மேல். அவசரமே இல்லை. கடைக்குள் சுற்றிப் பார்க்கிற ஆட்கள் நடப்பது மாதிரி.

என் வலக் கை மட்டும் வெளியில். விரலில் ஒரு புத்தகம் பட்டது. ஏன் செய்தேன் என்று தெரியாது. இழுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றினேன்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்...”

என் முதுகில் நின்றது இறங்கியது.

அப்படியே இறங்கியது. யாரோ “சரி” என்று சொன்ன மாதிரி.

“டேய் றெக்ஷன்! புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில ஒத்தடா! ஒத்து!”

“ஏலாது மாமா...”

“கையை நீட்டடா!”

“கையிலதான்... நிக்குது...”

விரல்கள் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஐந்து.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஞானசவுந்தரி வெளியில் நின்று கோடாலியால் கதவை உடைத்தாள். உடைத்துவிட்டு உள்ளே வரவில்லை. நின்றுவிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள். குவியலுக்கு மேலே ஒருவரும் இல்லையாம். புத்தகங்கள் மட்டும் பள்ளம் விழுந்து எழும்பினவாம். பள்ளம்... எழும்பல்... பள்ளம். பாத அளவில்.

அவள் மூன்று தரம் “ரீச்சர்” என்று கூப்பிட்டாள். நின்றது.

அந்தக் கடலில் வள்ளம் எடுத்தேன். முறிந்த விலாவோடு. எடுக்கமுதல் ஆறு மூட்டையையும் ஞானசவுந்தரி பாலத்தில் தூக்கி வைத்தாள். ஒவ்வொரு புத்தகமாய் ஒற்ற நேரம் இல்லை. ஆறுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன். அலை வள்ளத்துக்கு மேலால் போனது. றெக்ஷன் என் காலடியில் கிடந்தான். வாயில் இரத்தம் நுரைத்தது. “அம்மாட்ட கொண்டுபோங்கோ மாமா,” என்றான். கொண்டுபோனேன். யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிவரைக்கும் அவனை உயிரோடு கொண்டுபோனேன்.

டாக்குத்தர் இளம் பெடியன். றெக்ஷன் போட்டிருந்த சேட்டை வெட்டி எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. ஆர் இவரை மிதிச்சது?”

நெஞ்சில் கன்றிப்போய்க் கிடந்தது.

நட்சத்திரம். நட்சத்திரமாக.

கட்டிலுக்குக் கீழே அவனுடைய சப்பாத்து கிடந்தது. டாக்குத்தர் ஒன்றை எடுத்துத் திருப்பினார். நெஞ்சைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

இரவு அவன் என் கையைப் பிடித்தான்.

“மாமா. ரீச்சர் செத்த அண்டைக்குப் பின்னேரம்... நான் கடைக்குப் போனனான்.”

“ஏன்?”

“தொப்பிக் கடைக்குச் சுவர் அளக்க. அவ இல்லை, எங்கேயோ போயிட்டா எண்டு நினைச்சன். புத்தகம் எல்லாம் குவிஞ்சு கிடந்தது. மேல ஏறித்தான் அளந்தனான். குவியல் அசைஞ்சது மாமா. புத்தகம் சரியுது எண்டு நினைச்சன்.”

அவன் என் கையை இன்னும் இறுக்கினான்.

“‘தம்பி’ எண்டு ஒரு குரல்... றோட்டில ஆரோ எண்டு நினைச்சன்.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. விடியப்புறம் அவன்மேல் போர்த்தியிருந்த துணியில் ஒரு பள்ளம் விழுந்தது. நெஞ்சுக்கு நேரே. நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தள்ளினேன். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பள்ளம் மட்டும் ஆழமாகிக்கொண்டே போனது.

மடக்.

தங்கச்சியிடம் நான் அவனை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

றெக்ஷனின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நயினாதீவின் கிராம அலுவலர், விதானையார், வந்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் என்னை வேலியோரம் கூட்டிப்போனார்.

“பிலிப்பு அண்ணை, ரீச்சற்ற மரண விசாரணையில ஒரு விஷயம் இருந்தது. அலுமாரி விழுந்ததில கால் மட்டும்தான் முறிஞ்சதாம். உயிர் போனது இரவு. விலா எலும்பு நொருங்கி. முதுகுப்பக்கம், புத்தகம் விலகின இடங்களில, சேலையில சப்பாத்து அடையாளங்களும் இருந்ததாம்.”

“நட்சத்திரமோ?” என்று கேட்டேன்.

“அதுவும். ஆனா ஏழு விதமாம் அண்ணை. காலமையில இருந்து படம் எடுக்க வந்த சனமாக்கும். ஆனா அப்ப அப்பிடி யோசிக்கேல்லை. பிரேதம் தூக்கினவையின்ர கால் எண்டு பொலிஸ் விட்டிட்டுது.”

தூக்கியது நானும் ஞானசவுந்தரியும்.

நாங்கள் இரண்டு பேரும் வெறுங்கால்.

இப்போது அந்தக் கடையை நான்தான் திறக்கிறேன். மூட்டைகளை அவிழ்த்து ஒவ்வொரு புத்தகமாக ஒற்றித் திரும்ப அடுக்கிவிட்டேன். அலுமாரி அசையவில்லை. அது போதும். ஏழில் ஒருவன் போய்விட்டான். மற்ற ஆறு பேரும் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. குப்புறக் கிடந்த ரீச்சர் அவர்களுடைய முகத்தைப் பார்த்திருக்க முடியாது. பாரம் தெரியும். சப்பாத்தின் அடி தெரியும்.

போன பங்குனியில் நீங்கள் நயினாதீவுக்கு வந்திருந்தால், அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருந்தால், போனைத் திறந்து ஒருக்கால் பாருங்கள்.

முகத்தை அல்ல. எதன்மேல் நிற்கிறீர்கள் என்று.