குலுக்குச் சீட்டு

மலாயாவில், குளுவாங்கில் கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டிய காலத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்ல ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, சாயம்போன கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு. திரையில் கல்யாணம் நடந்தாலும் சாவு விழுந்தாலும் அவர் குரல் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அன்று வெள்ளைக்காரர்களின் தேர்தலைப் பற்றிய படம். தொப்பிக்காரர் ஒருவர் மேடையேறிக் கையை ஆட்டிப் பேசினார். சனங்கள் வரிசையாக வந்து பெட்டியில் சீட்டுப் போட்டார்கள்.

"இது குலுக்குச் சீட்டு. பேரு வந்தவருக்கு அதிர்ஷ்டம்," என்றார் கதை சொல்பவர். ரப்பர்த் தோட்டத்துக் கூலிச் சனம் கைதட்டியது.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன். "அது எலெக்சன்தானே அண்ணே? ஏன் மாத்திச் சொன்னீங்க?"

பிரம்பைத் துண்டால் துடைத்தபடியே சொன்னார். "நேத்து சரியாத்தான் சொன்னேன். சீட்டுப் போட்டு, தலைவர அவங்களே வச்சிக்கிறாங்கன்னேன். 'அப்ப நம்ம கங்காணியையும் இப்படி வச்சிக்கலாமா'ன்னு ஒருத்தன் எழுந்து கேட்டுட்டான். கங்காணி பின்னாலதான் உக்காந்திருந்தாரு."

"அப்புறம்?"

"இன்னிக்குக் காலையில அவனுக்கு வேலை இல்லன்னு சீட்டுக் கிழிச்சிட்டாங்க. பொண்டாட்டி புள்ளையோட ஸ்டேஷன்ல உக்காந்திருக்கான்."

அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்தது. அவர் திரையருகே போய் நின்றார். படத்தில் பெட்டி வந்ததும், "இது குலுக்குச் சீட்டு," என்றார். அது கல்யாணத்தைச் சொல்லும் குரலா, சாவைச் சொல்லும் குரலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.