மைனி ஊன்றிய கழுக்கோல்

அண்ணன் வீட்டுப் புழக்கடையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே நீண்ட மூங்கில் ஒன்று கட்டியிருக்கிறது. ஈரத்துணிகளின் எடையில் அது சற்றே வளைந்து கிடக்கும். அதன் ஒரு முனையில் மட்டும் கைபட்டுக் கைபட்டு ஏறிய வழவழப்பைக் காண்பவர்கள், துணி உலர்த்துவதற்கென்று வெட்டிய மூங்கில் அன்று இது என்பதை உணர்ந்துகொள்ளலாம். வள்ளம் என்ற சிறு படகை ஊன்றித் தள்ளும் கழுக்கோல் அது. அது தள்ளிய வள்ளம் இன்று இல்லை. பழையாற்று வெள்ளம் அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது.

வள்ளம் மைனியின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். ஆறு கடலோடு சேரும் மணக்குடிக் கரையில் பிறந்து வளர்ந்தவர் அவர். நாகர்கோவிலில் வயரிங் வேலை பார்த்த அண்ணனுக்கு மீன் பிடிப்பது ஞாயிற்றுக்கிழமைப் பித்து. ஆராதனை முடிந்து வந்ததும் இருவரும் காயலுக்குக் கிளம்பிவிடுவார்கள். மைனி ஊன்றுவார், அண்ணன் வீச்சுவலை வீசுவார். வள்ளத்தில் அவர்களுக்குள் பேச்சு மிகக் குறைவு. ஓர் உறுமல், ஒரு தலையசைப்பு போதும். வள்ளம் திரும்பும், வலை விழும்.

வள்ளம் போன அந்த ஐப்பசியில் அண்ணனுக்கு வளைகுடாவிலிருந்து விசா வந்தது. நண்பர்களிடம் சொன்னார், தேநீர்க் கடையில் சொன்னார், வெளியூரில் தமிழாசிரியையாக இருந்த என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மைனிகிட்ட நீ பக்குவமாச் சொல்லீரு மக்கா" என்றார். சொன்னேன். அன்றோடு மைனி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். விடுமுறைக்கு நான் வந்தபோது, ஒரே கூரையின்கீழ் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். இரண்டடி தூரத்தில் அண்ணன் அமர்ந்திருக்க, "ஒங்க அண்ணங்கிட்டச் சொல்லு, சோறு ஆறுது. இன்னும் ஆறினா நாய்க்குத்தான் வைப்பேன்" என்பார் மைனி. "அண்ணே, சாப்பிட வரச் சொல்லுதாவ" என்பேன் நான். முள்ளை நீக்கிக் கொடுப்பதில் எனக்குத் தேர்ச்சி வந்திருந்தது. ஆனால் மனத்துக்குள் ஓர் அச்சம் இருந்தது. பயண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே இவர் விமானம் ஏறிவிட்டால், இந்த மௌனம் ஆண்டுக்கணக்கில் உறைந்துவிடாதா?

மழை வலுத்து வயல்கள் முழுகியபோது பொழி வெட்டினார்கள். ஆற்றின் வாயை அடைத்திருக்கும் மணல்மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்குத் திறந்துவிடுவதுதான் பொழி வெட்டு. அன்று மீன் திரளும். கரையில் ஒரு வள்ளமும் சும்மா கிடக்காது. பேசாவிட்டாலும் அன்றைய மீன்பிடியை விட்டுவிட அவர்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே வள்ளத்தின் நடுப்பலகையில் என்னை உட்கார வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

மலைமழை இறங்கிய நீர். விரல் நனைத்தபோதே குளிர் எலும்பைத் தொட்டது. மணல்வாயை நோக்கி நீரோட்டம் முறுக்கேறிக்கொண்டிருந்தது. அண்ணன் வலைக்கயிற்றின் சுருக்கை வழக்கம்போல் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, முன்முனையில் எழுந்து நின்றார். அவர் குறிவைத்த இடத்தில், எப்போதோ வலை கட்டுவதற்கு நட்ட மரத்தூண் ஒன்று நீருக்குள் மறைந்திருப்பதை மைனி அறிவார்.

"அங்க குத்துக்கால் கெடக்கு, வீசாண்டாம்னு சொல்லு மக்கா!"

"அண்ணே, மைனி சொல்லுதாவ..." என்று நான் திரும்புவதற்குள் வலை அவர் கையை விட்டிருந்தது. வலை தூணில் சிக்கியது. வள்ளத்தை ஓட்டம் கடல் பக்கம் இழுத்தது. கயிறு விறைத்து அண்ணனைப் பக்கவாட்டில் சாய்த்தது. மைனி கழுக்கோலை முழு உடலையும் கொடுத்துச் சேற்றில் இறக்கினார். அடுத்த கணம் வள்ளம் கவிழ்ந்தது.

தலை மேலே வந்தபோது என் கைகள் அந்தக் கழுக்கோலைப் பற்றியிருந்தன. அண்ணன் கடல் பக்கமாகச் சற்றுத் தள்ளி, கயிற்றின் முனையில், மூழ்குவதும் எழுவதுமாக இருந்தார். ஒருபுறம் வலை இழுக்க, மறுபுறம் வெள்ளம் இழுக்க, சுருக்கு மணிக்கட்டை இறுக்கியிருந்தது. மைனி கால்களால் கழுக்கோலைப் பின்னிக்கொண்டு, விறைத்த கயிற்றை இரு கைகளாலும் பற்றித் தம்மை நோக்கி இழுத்தார். அவர் பார்வை என் பக்கம் வரவே இல்லை.

"இஞ்ச பாருங்கோ! கயிறு எங்கையில இருக்கு. இப்பக் கைய உருவுங்கோ! உருவுங்கோன்னா!"

கயிறு தளர்ந்தது. அண்ணன் கையை உருவி, மைனியின் தோளைப் பற்றிக் கழுக்கோலுக்கு வந்து சேர்ந்தார். இருமி நீரைக் கக்கி முடிக்கும்வரைதான் மைனி பொறுத்திருந்தார்.

"குத்துக்கால் கெடக்குன்னு சொன்னேம்லா?"

"எங்கிட்ட எப்பச் சொன்ன? அவகிட்டல்லா சொன்ன!"

"விசா வந்தத நீங்க எங்கிட்டயா சொன்னிய? ஊரெல்லாம் கேட்டப் பொறவு, ஒங்க தங்கச்சி வந்து எனக்குச் சொல்லணும், என்னா?"

கழுத்தளவு வெள்ளத்தில் பற்கள் தாளமிட, அண்ணன் கழுக்கோலை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு, தேர்வு முடிவைக் கேட்பவரைப்போல், "நான் போகட்டா?" என்றார்.

"மொதல்ல கரைக்குப் போவோம்" என்றார் மைனி.

மணல்மேட்டிலிருந்து வேறு வள்ளக்காரர்கள் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். மைனி கழுக்கோலைப் பிடுங்காமல் ஏற மறுத்துவிட்டார். அன்று வீட்டில் இருவரும் நெடுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் எவரும் எதையும் சொல்லியனுப்பவில்லை. அண்ணன் போனார். வெள்ளிதோறும் அவருடைய அழைப்பு மைனியின் கைப்பேசிக்குத்தான் வந்தது.

இப்போது அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். சென்ற மாதம் நான் போயிருந்தபோது, மறுபடியும் வள்ளம் ஒன்று வாங்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தால் வீட்டில் புகைச்சல். அண்ணன் முன்னறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மைனி புழக்கடையில் துணி விரித்துக்கொண்டே, "மக்கா, ஒங்க அண்ணங்கிட்டச் சொல்லு..." என்று தொடங்கினார். சொல் அங்கேயே நின்றது. அவருடைய ஈரக்கை மூங்கிலின் வழவழப்பான முனையில் இருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"இஞ்ச கேட்டியளா? ஒங்களத்தான்!"

நான் எஞ்சிய துணிகளை எடுத்து விரிக்கத் தொடங்கினேன்.